அயர்லாந்து விஸ்கியும் நம்மூர்ச் சாராயமும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுட் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். வேறு சிலர் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் கூடும். அயர்லாந்து நாட்டிலே வடிக்கப்படும் சிங்கிள் மோல்ட் விஸ்கி என்னும் மதுவை எவ்வாறு முகர்ந்து, சுவைத்து, அதன் நலம் அறிவது என்பதும், அந்த அறிவு நம்மூர்த் தென்னஞ்சாராயத்துக்கு எவ்வகையில் உறவாகின்றது என்பதுமே பொருள்.

இரு சாராருக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகின்றேன். இது குடிக்க அழைக்கும் பேச்சன்று. மதுவுக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டுச் சட்டம் 2006ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டது. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு அதனை விற்பதும் அச்சட்டப்படி குற்றமாகும். அன்றியும், பேசவந்த நானே குடிப்பவன் அல்லன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த குருக்கள்மடம் என் ஊர். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்த தம் வயலை என் பெரியப்பா தவறணைக் கடனுக்காக இழந்தார். பெரியம்மா இரண்டு பிள்ளைகளோடு எங்கள் முற்றத்திலே வந்து நின்ற அந்த மாலைப் பொழுதை நான் மறந்தேனல்லேன். அன்றிரவு என் தாயார் என்னைத் தனியே அழைத்து, “மனே, இதைக் குடிக்கிறதில்லை எண்டு எனக்குச் சத்தியம் பண்ணு” என்றார். பண்ணினேன். இன்றளவும் அந்தச் சத்தியத்தைக் காத்து வருகின்றேன்.

அவ்வாறாயின் சுவைபற்றிப் பேச உனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். முறையான கேள்வியே. அதற்கு விடை பேச்சின் நடுவிலே தானாக வரும்.

மதுவைப்பற்றித் தமிழர் கொண்ட கருத்து எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவருக்கு முற்பட்ட சங்கச் சான்றோரோ, கள்ளைப் பகிர்ந்துண்ட நட்பைப் பாடினர். அதியமான் இறந்தபோது ஔவையார் அழுத புலம்பலிலே, அவன் தன்னோடு பகிர்ந்த கள்ளும் நினைவுக்கு வருகின்றது. அக்காலத்து மக்கள் தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பெயரிட்டனர். மூங்கிற் குழாயில் இட்டு முதிர வைத்தனர். நிலத்திற் புதைத்தும் பழுக்க வைத்தனர். மதுவை மரத்துள்ளே அடைத்துக் காலத்தின் கையில் ஒப்படைத்தால் அது வேறொன்றாக மாறும் என்ற உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னே வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்திலே, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிற் பொறியியலாளராகப் பணிபுரியும் என் பழைய மாணாக்கர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்தார். வந்தவர் என் கையில் ஒரு போத்தலைத் தந்து, “சேர், குடிக்கமாட்டீங்க எண்டு தெரியும். இதுக்குள்ள நீங்க படிப்பிச்ச பாடம் முழுக்க இருக்கு. அதுக்காகத்தான் கொண்டுவந்தன்” என்றார். அயர்லாந்தின் வடகரையில் உள்ள புஷ்மில்ஸ் என்னும் ஊரிலே வடித்து, பத்தாண்டு பீப்பாவில் முதிர்ந்த சிங்கிள் மோல்ட் விஸ்கி அது. வரும் வழியிற் கொழும்பிலே வாங்கிய, நெடுநாள் முதிர்ந்த தென்னஞ்சாராயப் போத்தல் ஒன்றையும் ஒப்புநோக்குவதற்காக அவர் கொண்டுவந்திருந்தார்.

அம்மாலை எங்கள் விறாந்தையில் மூவர் இருந்தோம். மூன்றாமவர், எங்கள் பகுதித் தென்னந்தோட்டங்களில் நாற்பதாண்டுக்கு மேலாகக் கள்ளுச் சீவிய முதியவர். எழுபதைக் கடந்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னை வாத்தியார் என்பார். மாணாக்கர் ஒரு சிறு குவளையில் இரண்டு தேக்கரண்டி அளவு விஸ்கியை வார்த்து அவரிடம் நீட்டினார். அவர் குடிக்கவில்லை. குவளையை மார்பளவிற் பிடித்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்து, கண்ணை மூடி இருந்தார். பின்பு சொன்னார்: “வாத்தியார், இது அவதிப்படாமக் கிடந்த சாமான்.”

அவதி என்று எங்கள் பக்கத்தில் அவசரத்தைச் சொல்வார்கள். பத்தாண்டு என்று போத்தலில் எழுதியிருந்ததை அவர் வாசிக்கவில்லை. ஆங்கிலம் அவர் அறியார். அவர் மூக்கு வாசித்தது. அந்த ஒரு சொல்லின் விரிவுரையே இந்தப் பேச்சு.

விஸ்கி என்பது அயர்லாந்து மொழியில் ‘உயிர் நீர்’ என்று பொருள்படும் ‘இஷ்க பாஹா’ என்னும் தொடரிலிருந்து திரிந்த சொல். சிங்கிள் மோல்ட் என்றால், முளைகட்டிய வாற்கோதுமை ஒன்றையே கொண்டு, ஒரே வடிசாலையில், செம்புக் கலத்தில் வடித்தது என்பது பொருள். ஒரே பீப்பாவிலிருந்து எடுத்தது என்று சிலர் கருதுவர், அது தவறு. ஒரு வடிசாலையின் பல பீப்பாக்களைக் கலந்தாலும் அது சிங்கிள் மோல்ட்டேயாகும். ‘ஒற்றை’ என்பது வடிசாலையைக் குறித்ததேயன்றிப் பீப்பாவைக் குறித்ததன்று.

இனி அதன் ஆக்கத்தைப் பார்ப்போம். குரக்கனையும் பயற்றையும் நனைத்து முளைகட்டுவது நம் வீட்டுப் பெண்கள் அறிந்த வேலை. முளைத்த தானியத்தை மென்றால் இலேசாக இனிக்கும். முளைக்கும்போது தானியத்துள் நொதியங்கள் தோன்றி, மாப்பொருளைச் சீனியாக மாற்றும் வழியைத் திறந்துவிடுகின்றன. இனிப்பு அதனால் வருவது. அயர்லாந்தார் வாற்கோதுமையை நனைத்து, முளை கண்டதும் சூடான காற்றில் உலர்த்தி, முளையின் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றனர். பின்பு அதனை அரைத்துச் சுடுநீரில் ஊறவைத்து இனிப்பு நீரை எடுத்து, மதுவம் சேர்த்துப் புளிக்கவைக்கின்றனர். சில நாளில் அது நம் கள்ளைப்போன்ற மென்மதுவாகின்றது.

அடுத்தது வடித்தல். அற்ககோல் 78 பாகையளவிற் கொதிக்கும். நீர் கொதிக்க 100 பாகை வேண்டும். இந்த வேறுபாடே வடிப்புத் தொழிலின் அடிப்படை. பானை வடிவான செம்புக் கலத்தில் மென்மதுவைச் சூடாக்கினால் அற்ககோலும் மணப்பொருள்களும் முதலில் ஆவியாகி மேலெழும். குளிர்ந்த குழாயில் அவை மீண்டும் நீர்மமாகும். செம்பு வெறும் பாத்திரமன்று. துர்நாற்றந்தரும் கந்தகக் கூட்டுகளைத் தன்மேற் பற்றிக்கொண்டு ஆவியைத் தூய்மையாக்குவது அதுவே. முதலில் வரும் வடிப்பைத் தலை என்பர், கடைசியில் வருவதை வால் என்பர். இரண்டையும் ஒதுக்கி நடுவையே பீப்பாவுக்கு எடுப்பர். எந்தக் கணத்தில் தலை முடிந்தது, எந்தக் கணத்தில் வால் தொடங்கிற்று என்று முடிவு செய்வதிலே வடிப்பவனின் திறமை இருக்கின்றது. ஸ்கொட்லாந்தார் பெரும்பாலும் இருமுறை வடிப்பர். அயர்லாந்தார் பலர் மும்முறை வடிப்பர். புஷ்மில்ஸ் விஸ்கியும் மும்முறை வடித்ததே. மூன்றாம் வடிப்பினால் மது இலேசாகவும் மென்மையாகவும் அமைகின்றது.

இவ்வாறு வடித்த மது நீரைப்போல நிறமற்றது. நிறமும் மணத்திற் பெரும்பங்கும் பீப்பா தருவன. அயர்லாந்துச் சட்டப்படி, அத்தீவிலேயே மூன்றாண்டுக்குக் குறையாமல் மரப்பீப்பாவில் இருந்தால்தான் அது விஸ்கி என்னும் பெயரைப் பெறும். போத்தலில் அடைக்கும்போது நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத அற்ககோல் இருத்தலும் வேண்டும். அமெரிக்காவிற் சோள மதுவைத் தாங்கிய ஓக் மரப் பீப்பாவும், ஸ்பானிய ஷெரி மதுவின் சாறு ஊறிய பீப்பாவும் இதற்குப் பயன்படுகின்றன. முன்னது தேன், வனிலா மணங்களைத் தரும். பின்னது உலர்ந்த முந்திரிகையின் மணத்தைத் தரும்.

பீப்பாவின் நுண்ணிய துளைகள் வழியே ஆண்டுதோறும் ஒரு பகுதி ஆவியாகிப் போகின்றது. இதனை வானவர்க்குரிய பங்கு என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வர். குளிர் மிகுந்த அயர்லாந்தில் வானவர் நூற்றுக்கு இரண்டளவே கேட்கின்றனர். 2004ஆம் ஆண்டு தன் சிங்கிள் மோல்ட் விஸ்கியை ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கே கொண்டுசென்று விற்கத் துணிந்த பெங்களூர் அம்ருத் வடிசாலையிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடுகின்றது. வெப்ப நாட்டில் மது விரைவாக முதிரும். விரைவாகக் குறையவும் செய்யும். இயற்கை தன் கூலியை எடுத்துக்கொண்டே வேலை செய்கின்றது.

இங்கே அயர்லாந்தின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வது நன்று. புஷ்மில்ஸ் அமைந்த பகுதியில் வடிப்பதற்கு அரச உரிமம் 1608ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. அப்பெயர்கொண்ட நிறுவனம் 1784ஆம் ஆண்டிலே தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து விஸ்கி உலகச் சந்தையில் முதன்மை பெற்று விளங்கிற்று. அந்நாட்டிலே கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் கொபி என்பவர், 1830ஆம் ஆண்டளவில் ஒரு புதிய வடிகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். பானையில் ஒவ்வொரு தடவையாக வடிப்பதை விடுத்து, உயர்ந்த தூணிலே இடைவிடாமல் வடிக்கும் கருவி அது. மலிவாகவும் விரைவாகவும் மிகுதியாகவும் அற்ககோலைத் தந்தது. ஆனால் மணத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. டப்ளின் நகரத்துப் பெருவடிசாலையார் அதனை ஏற்க மறுத்தனர். தூணில் வடித்ததை விஸ்கி என்றே சொல்லலாகாது என்று 1870களின் இறுதியில் ஒரு நூலும் வெளியிட்டனர். ஸ்கொட்லாந்தாரோ அதனை ஏற்று, பானையில் வடித்ததோடு கலந்து, உலகெங்கும் விற்றனர். அவ்வாறு கலந்ததையும் விஸ்கி என்றே வழங்கலாம் என்று 1909ஆம் ஆண்டு பிரித்தானிய அரச ஆணைக்குழு தீர்ப்பளித்தது.

அதன்பின் அமெரிக்காவின் மதுவிலக்குக் காலம் வந்தது. பிரித்தானியாவோடு வணிகப் பிணக்கும் வந்தது. 1970களின் நடுவில் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் இயங்கிய வடிசாலைகள் இரண்டே. அவசரத்தை மறுத்தவர்கள் அழிவின் விளிம்பு வரை சென்றார்கள் என்பதே உண்மை. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1987ஆம் ஆண்டிற் கூலி என்னும் புதிய வடிசாலை தொடங்கிற்று. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல எழுந்து, இன்று நாற்பதளவில் இருக்கின்றன. பொறுமைக்கும் ஒரு சந்தை உண்டு என்பதை உலகம் மெல்லக் கண்டுகொண்டது.

இனி நம்மூருக்கு வருவோம். தென்னம்பாளை விரியுமுன் அதனை நாரினாற் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவி வந்தால், சில நாள் கழித்துச் சாறு சுரக்கத் தொடங்கும். தட்டுவது மிகுந்தாற் பாளை கெடும், குறைந்தாற் சுரக்காது. களுத்துறை, வாதுவைப் பக்கங்களில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி அதன்மேல் நடந்து முட்டிகளை மாற்றுவர். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குவர். சுண்ணாம்பு பூசிய முட்டியிற் சேர்ந்தால் அது இனிய கருப்பநீர். பூசாத முட்டியிற் சேர்ந்தால், காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்கள் உடனே வேலையைத் தொடங்கி, மரத்திலிருந்து இறங்குமுன்னரே அது கள்ளாகத் தொடங்கிவிடும். மறுநாள் புளிக்கும், அதன்பின் காடியாகும். வாற்கோதுமையைப் போலக் களஞ்சியத்தில் வைத்துப் பார்க்கும் பொருளன்று கள். ஆகவே அதனை வடிப்பவர் அன்றன்றே வடிக்கவேண்டும். விஸ்கியின் அவசரமின்மை தொடக்கத்திலேயே இருக்கின்றது. சாராயத்தின் அவசரமின்மை வடித்தபின்னரே தொடங்குகின்றது.

வடித்த சாராயத்தை முதிரவைக்க நம் நாட்டார் தேர்ந்த மரம், சிங்களத்தில் அல்மில்லை என்றும் தமிழிற் சாவண்டலை என்றும் பெயர்பெறும். ஆங்கிலேயர் இதனைத் திருகோணமலை மரம் என்றே வழங்கினர். சென்னைக் கரையிலே அலைகளைக் கடந்த மசூலாப் படகுகளுக்கும் நம் கிழக்குக் கரையிலிருந்து சென்ற இம்மரமே பயன்பட்டது. அயர்லாந்தாருக்கு ஓக் எவ்வாறோ, நமக்குச் சாவண்டலை அவ்வாறு. மூங்கிலிலே தேறல் முதிர்ந்த பழங்கதையை முன்னே சொன்னேன் அல்லவா? அதன் வழித்தோன்றல் இது என்று கொண்டாற் பிழையாகாது.

சரி, சுவையறிவது எவ்வாறு? என் மாணாக்கர் அங்கே கற்று வந்து எங்களுக்குக் கற்பித்த முறையை வரிசையாகச் சொல்கின்றேன்.

முதலாவது, பாத்திரம். தாமரை மொட்டைப்போல அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளை வேண்டும். மணம் சிதறாமல் ஒருங்கே மூக்குக்கு வருவதற்காக இவ்வமைப்பு. பனிக்கட்டி கூடாது, குளிர்ச்சி மணத்தை உறங்கவைத்துவிடும்.

இரண்டாவது, நிறம். கண் முதலில் ஏமாறும் புலன். கருகிய சீனிப்பாகினால் நிறமூட்டுவதற்கு அயர்லாந்துச் சட்டமே இடமளிக்கின்றது. எனவே கடும்பொன் நிறத்தைக் கண்டு முதுமையென்று மயங்கவேண்டா.

மூன்றாவது, மணம். இதுவே முழுக்கலையின் உயிர். நாக்கு அறிவது உவர்ப்பு, புளிப்பு, தித்திப்பு, கைப்பு முதலிய சிலவே. துவர்ப்பும் கார்ப்பும் வாயின் தோலுணர்ச்சியைச் சார்ந்தவை. மற்றெல்லா நுட்பமும் மூக்கின் வேலை. சளி பிடித்தவனுக்குச் சோறு சுவைப்பதில்லை என்பதே இதற்குச் சான்று. குவளையை மூக்குக்குள் திணிக்கலாகாது. அற்ககோல் மூக்கை மரக்கச் செய்துவிடும். சற்று எட்டப் பிடித்து, வாயை இலேசாகத் திறந்து, மெல்ல நெருங்கவேண்டும். விலகி, இளைப்பாறி, மீண்டும் அணுகவேண்டும். நிலாக்காலத்தில் எங்கள் வாவியிலே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுமுனையிற் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, அதே அமைதி இதற்கும் வேண்டும். துடுப்பை அசைத்துக்கொண்டே இருப்பவனுக்குப் பாட்டுக் கேட்பதில்லை.

நான்காவது, நீர். சில துளி தண்ணீர் சேர்த்தாற் புதிய மணங்கள் வெளிப்படும். பெருவடிசாலைகளிற் கலவைசெய்யும் வல்லுநர் மதுவில் அற்ககோல் நூற்றுக்கு இருபதளவாகும் வரை நீர் சேர்த்து, பெரும்பாலும் முகர்ந்தே முடிவு செய்கின்றனர். நாளொன்றுக்குப் பல பத்து மாதிரிகளைப் பார்ப்பவர் ஒவ்வொன்றையும் குடித்தால் மாலையில் வீடு போய்ச் சேரமாட்டார்.

ஐந்தாவது, நா. ஒரு சிறு துளியை நாவில் இட்டு, வாயெங்கும் உருட்டி, முதலில் எழும் எரிப்பு அடங்கும்வரை பொறுத்து, அதன் பின்னே வருவதைக் கவனிக்கவேண்டும். பின்பு உமிழ்ந்துவிடலாம். வல்லுநர் அவ்வாறே செய்கின்றனர். நேயர்களே, இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கின்றது. அன்று நானும் முகர்ந்தேன், நாவில் வைத்தேன், உமிழ்ந்தேன். என் தாயாருக்குக் கொடுத்த சொல் குடிப்பதில்லை என்பது. அவர் இருந்திருந்தால் இந்த நுட்பமான வாதத்தை ஏற்றிருப்பாரா என்று இன்றும் ஐயுறுகின்றேன்.

ஆறாவது, பின்சுவை. வாய் வெறுமையானபின் எஞ்சுவது எது, எவ்வளவு நேரம் எஞ்சுகின்றது என்பது. நல்ல மது விடைபெறும்போதும் பேசும்.

அயர்லாந்தார் தம் மதுவின் மணத்தைச் சொல்லப் பச்சை ஆப்பிள், பேரிக்காய், பிஸ்கட்டு என்று தம்மூர்ச் சொற்களை வைத்திருக்கின்றனர். பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணின் புகையில் முளைத்தானியத்தை உலர்த்திச் செய்யும் சில வகைகளுக்குப் புகைமணம் என்பர். நம் முதியவரிடம் அச்சொற்கள் இல்லை. மாணாக்கர் கேட்டபோது, சற்றே யோசித்து, “வெள்ளாண்மை வெட்டின அண்டைக்கு வயலுக்கால வாற மணம் முன்னுக்கு நிக்குது. பின்னுக்குத் தேன். அடியில, காஞ்ச இலுப்பைப்பூ” என்றார். மாணாக்கர் திகைத்தார். அறுத்த வைக்கோலின் மணம் வாற்கோதுமையினுடையது. தேன் ஓக் பீப்பாவினுடையது. உலர்ந்த இலுப்பைப்பூவின் மணமோ, உலர்ந்த முந்திரிகைக்கு மிக அணித்தானது. அதாவது ஷெரிப் பீப்பாவின் சுவடு. மூன்றையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துவிட்டார்.

பின்பு கொழும்பிலிருந்து வந்த பழஞ்சாராயத்தை வார்த்தோம். பழுத்த பலாவும், காய்ச்சிய பாகும், அவற்றின் மேலே மெல்லிய பூமணமும் எனக்கே தெரிந்தன. முதியவர் நெடுநேரம் முகர்ந்துவிட்டு, “இது நம்மட பாளை” என்றார். அவர் முகத்திலே தெரிந்தது பெருமிதமா துயரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வேளை அயல்வீட்டார் ஒருவரிடம் இருந்த மலிவான போத்தல் ஒன்றையும் கொண்டுவந்தனர். அதன்மேலும் சாராயம் என்றே எழுதியிருந்தது. ஒருமுறை முகர்ந்து கீழே வைத்தார். “இதுக்குள்ள பாளை இல்ல, வாத்தியார்.”

அவர் சொன்னது மிகையன்று. விலை மலிந்த போத்தல்கள் பலவற்றிலே தென்னங்கள்ளிலிருந்து வடித்தது சிறு பங்கே. எஞ்சியது கரும்புப்பாகிலிருந்து தூண்கலத்தில் வடித்த மணமற்ற எரிசாராயம். டப்ளினார் தம் நூலில் முறையிட்ட அதே வழக்கு, நம் வீட்டு வாசலில் நடக்கின்றது. பெயர் நிற்கின்றது, பொருள் போய்விட்டது. வாங்குபவர் வேறுபாட்டை அறியாரெனின், மரமேறுபவரின் உழைப்புக்கு யார் விலை கொடுப்பர்? முதியவரின் மகன் வளைகுடா நாட்டிலே வாகனம் ஓட்டுகின்றார். தந்தை ஏறிய மரங்களில் இப்போது ஏற ஆளில்லை. மரம் நிற்கின்றது, பாளையும் வருகின்றது, தட்டும் கையின் அளவறிந்தவர் இல்லை. நாற்பதாண்டு கற்ற மூக்கு அவரோடு போய்விடும்.

இந்த மூக்கை நான் வியந்து பேசியபோது, அவர் கையமர்த்தினார். “மூக்கப் பெரிசாச் சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் என்ட தம்பிக்கும் தெரியும்” என்றார்.

அந்தத் தம்பியை நான் அறிவேன். அவரும் கள்ளுச் சீவியவரே. பல ஆண்டுகளுக்குமுன் எங்கோ கிடைத்த கள்ளச் சாராயத்தை ஒரு மாலை குடித்தார். மறுநாட் காலையில் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகின்றது என்றார். மூன்றாம் நாள் அவர் இல்லை. அதிற் கலந்திருந்தது மெதனோல். இரசாயன ஆசிரியன் என்ற முறையில் இதனை அழுத்திச் சொல்வது என் கடமை: மெதனோலை எந்த மூக்கும் எந்த நாவும் நம்பத்தக்கவாறு வேறுபடுத்தி அறியமாட்டா. மணத்திலும் சுவையிலும் அது எதனோலைப் போன்றதே. உடலினுள்ளே சென்றபின் அது போர்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை அழிக்கின்றது. பின்பு உயிரையும் கொள்கின்றது. சுவையறிவு எல்லாவற்றிலிருந்தும் காக்கும் என்று எண்ணிவிடலாகாது. உரிமமின்றி விற்கும் கசிப்பின் முன்னே வல்லவனும் பேதையும் ஒன்றே. அதனைத் தொடாமை ஒன்றே காப்பு. குடித்தபின் கண் மங்கினால், வெட்கத்தை விட்டு, அந்த நாழிகையிலேயே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காலத்தோடு சென்றவருக்கு மருந்து உண்டு.

சுவைப்பவன் எல்லாம் அளவோடு நிற்பான் என்றும் நான் சொல்லமாட்டேன். விஸ்கியின் தாயகமாகிய அதே அயர்லாந்திலேதான், 1838ஆம் ஆண்டு கோர்க் நகரில் தியோபால்ட் மத்தியூ என்னும் பாதிரியார் முழு மதுவிலக்கு உறுதிமொழியைத் தொடங்கினார். சில ஆண்டுகளுள் இலட்சக்கணக்கானோர் அதனை ஏற்றனர். தென்னங்கள்ளின் நாடாகிய இலங்கையிலேயும் 1904, 1912ஆம் ஆண்டுகளில் மதுவொழிப்பு இயக்கம் பேரெழுச்சியாக எழுந்தது. நல்ல மதுவைச் செய்த நாடுகளே அதன் தீமையையும் நன்கறிந்திருந்தன. ஒரு குவளையோடு நிறுத்த இயலாதவர் என்று தம்மை அறிந்தவருக்கு, முதற் குவளையை மறுப்பதே உயர்ந்த சுவையறிவு. என் பெரியப்பாவுக்கு யாரேனும் இதனை வெட்கப்படுத்தாமற் சொல்லியிருந்தால், படுவான்கரை வயல் இன்றும் எங்கள் குடும்பத்தில் இருந்திருக்கலாம்.

ஆயினும் அந்த மாலையின் பாடத்தை நான் விட்டுவிட ஒருப்படவில்லை. தவறணையில் மூச்சை அடக்கி ஒரே மடக்கில் விழுங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறுபவர் மதுவை விரும்புபவர் அல்லர். அவர் வேறெதையோ மறக்க விரும்புபவர். அவருக்கும் மணத்துக்கும் உறவில்லை. அதனாலேயே அவருக்கு எதையும் விற்கலாம். பாளையில்லாத சாராயத்தையும் விற்கலாம், நஞ்சையும் விற்கலாம். முகரக் கற்றவர் கேள்வி கேட்பார்: இது எந்த மரத்திலிருந்து வந்தது? யார் வடித்தார்? எத்தனை ஆண்டு கிடந்தது? கேள்வி கேட்பவர் நிறைந்த நாட்டிலேதான் நல்ல தொழில் நிலைக்கும். மரமேறியவருக்கும் கூலி கிடைக்கும். இது மதுவுக்கு மட்டும் உரியதன்று. நெய்யானாலும், தேனானாலும், தேயிலையானாலும் இதுவே முறை. குடியாதவரும் தம் மூக்கைக் கற்பிக்கலாம். அதற்குத் தேனும் தேயிலையும் போதும்.

ஓராண்டு கழிந்துவிட்டது. மாணாக்கர் விட்டுச்சென்ற அந்த அயர்லாந்துப் போத்தல் எங்கள் வீட்டு அலுமாரியில் இன்னும் பாதிக்குமேல் இருக்கின்றது. பறுவ நாட்களில் முதியவர் வந்தால் இரண்டு தேக்கரண்டி வார்ப்போம். அவர் முகர்ந்து, ஒரு துளி நாவில் இட்டு, வாவியைப் பார்த்தபடி இருப்பார். சில வேளை அரைமணி நேரம் ஒரு சொல்லும் பேசமாட்டார். எழுந்து போகும்போது குவளையில் முக்காற்பங்கு எஞ்சியிருக்கும்.

அவதிப்படாமற் கிடந்த பொருளை, அவர் அவதிப்படாமலே பார்க்கின்றார்.